பங்கீனா எங்கே இருக்கிறது?

சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். எடிசனில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஊரில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு டெஸ்டிங் வேலைக்குப் போய்வந்தேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக் குழம்பிவிடும் என்று அமெரிக்கா முழுக்கப் பயந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தப் பயத்தின் புண்ணியத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் விமானம் ஏறினோம். அடுத்தவன் எழுதிய புரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டு, இது எந்த இடத்தில் பொய் சொல்லும் என்று நாள் முழுக்கத் தேட வேண்டும். தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். சாயங்காலம் நான் ஆபீஸை விட்டு இறங்கும்போது இந்தப் புத்தியும் கூடவே இறங்கி வீட்டுக்கு வந்துவிடும். பால் கேனில் போட்டிருக்கும் தேதியைக்கூட இரண்டு முறை பார்ப்பேன்.

ஆனால் பழியை எல்லாம் வேலைமேல் போட்டால் அதுவும் ஒரு பொய்தான். என் சந்தேகம் வேறொரு இடத்தில் ஆரம்பித்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னை அமெரிக்காவுக்கு அழைத்துவந்த கன்சல்டிங் கம்பெனி, ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள ஒரு அபார்ட்மென்டில் ஆறு பேரைப் போட்டு வைத்திருந்தது. அதற்குப் பெயர் கெஸ்ட் ஹவுஸ். புராஜெக்ட் கிடைக்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பதை எங்கள் தொழிலில் 'பெஞ்சில் இருப்பது' என்பார்கள். ஊரில் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு வராது. "வேலை எப்படிப் போவுது வாப்பா?" என்று உம்மா போனில் கேட்பார்கள். "நல்லாப் போவுதும்மா" என்பேன். அப்போது நான் செய்துகொண்டிருந்த வேலை, ஆறு பேருக்கு அரிசி களைவது.

நாலாவது மாதம் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் என் ரெஸ்யூமேயை வாங்கிப்போய் ஒரே மத்தியானத்தில் திருப்பிக் கொடுத்தார். தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றேகால் வருடம் பாடம் நடத்தியவன் நான். திரும்பி வந்த காகிதத்தில், மும்பையில் ஒரு பேங்க்குக்கு மூன்று வருடம் டெஸ்டிங் பண்ணியிருந்தேன். மும்பையை நான் பார்த்தது விமானம் மாறும்போது கண்ணாடி வழியாக மட்டும்தான். கீழே ரெஃபரன்ஸ் என்ற இடத்தில், அந்த பேங்க்கில் எனக்கு மேனேஜராக இருந்து இப்போது நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டவர் என்று ஒரு போன் நம்பர் இருந்தது. அது எங்கள் கெஸ்ட் ஹவுஸ் நம்பர். அந்த மேனேஜர் என் ரூம்மேட். கோயம்புத்தூர்க்காரன், என்னைவிட நாலு வயது இளையவன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்த அன்று அவன் லுங்கியோடு சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, குரலைக் கிணற்றுக்குள் இறக்கிப் பேசினான். "வெரி சின்சியர் ஃபெல்லோ. வீ மிஸ் ஹிம் எ லாட்." பத்து நிமிடம். இல்லாத பேங்க்கில் நான் கண்டுபிடித்த இல்லாத தப்புகளை எல்லாம் புகழ்ந்தான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க போனதுல இருந்து பேங்க்கே இருட்டாப் போச்சுங்க பாய்," என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

அதற்குப் பிறகு யாராவது என்னிடம் 'எனக்கு இத்தனை வருட அனுபவம்' என்று சொன்னால், என் கண்முன்னால் அந்த லுங்கியும் சமையல் மேடையும்தான் வந்து நிற்கும். நானே இப்படி என்றால் இவன் எப்படியோ என்று தோன்றும்.

இத்தாலிக்காரர் வந்தது ஏப்ரலில், குளிர் விட்டும் விடாமலும் இருந்தபோது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் பக்கத்து டவுன்ஷிப் பூங்காவில் கால்பந்து விளையாடுவோம். கெஸ்ட் ஹவுஸ்காரர்கள், அவர்களின் ஆபீஸ் ஆட்கள், சில மலையாளிகள் என்று பதினைந்து பேர் சேருவார்கள். நான் காயல்பட்டினத்துக்காரன். எங்கள் ஊரில் கிரிக்கெட்டைவிடப் பந்துக்குத்தான் மவுசு. அதனால் பந்தாட்டத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஆடத் தெரியாது, அது வேறு விஷயம். ஆட்களுக்குப் போன் பண்ணுவது, டீம் பிரிப்பது, நம் ஊர் முனிசிபாலிட்டி மாதிரியான டவுன்ஷிப் ஆபீஸில் கிரவுண்டுக்கு பெர்மிட் வாங்குவது எல்லாம் நான்தான். அங்கே இருந்த அம்மணிக்கு என் பெயர் தெரியும்.

இத்தாலிக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். குட்டையான ஆள், பருத்த கழுத்து. பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடியும் முன்பே அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டிய வேலை. எவ்வளவு கழுவினாலும் மணிக்கட்டு மயிரில் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். அடிக்கடி இருமுவார். இரண்டு வாரம் வேலியோரம் நின்று பார்த்தார். மூன்றாவது வாரம் ஷூ மாட்டிக்கொண்டு வந்து, நானும் ஆடலாமா என்று கேட்டார். எந்த இடத்தில் ஆடுவீர்கள் என்றேன். ஃபார்வர்ட் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இத்தாலியில் புரொஃபஷனலாக ஆடினேன். பதினோரு வருடம்," என்றார்.

எனக்கு உடனே மூக்கு வேர்த்துவிட்டது. இத்தாலியில் சம்பளம் வாங்கிப் பதினோரு வருடம் பந்தாடியவன், லுங்கியை மாற்றிவிட்டு வந்த ஐ.டி. ஆட்களோடு ஆடுவதற்கு எதற்காக வேலியோரம் நிற்கிறான்? தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊரில் ரீல் விடுவது சுலபம். நானும் அப்படித்தானே விட்டேன்.

அன்றிலிருந்து அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். முதல் சந்தேகம், அவர் ஓடுவதில்லை. எதிராளியின் கோலுக்குப் பக்கத்தில் ஏதோ பஸ்ஸுக்கு நிற்பதுபோல நிற்பார். ஆனால் பந்து எப்படியோ அவர் நிற்கிற இடத்துக்கு வரும், காலின் உள்பக்கத்தால் ஒரு தட்டு தட்டுவார், கோல். அதிர்ஷ்டம் என்று குறித்துக்கொண்டேன். இரண்டாவது சந்தேகம் இதைவிடப் பெரியது. எங்களில் ஆள் ஒற்றைப்படையாக வந்தால் யாராவது ஒருவர் வெளியே உட்கார வேண்டும். அதற்கு ஒவ்வொரு வாரமும் சண்டை நடக்கும். அவர் வந்த பிறகு சண்டையே இல்லை. "நீங்கள் ஆடுங்கள், நான் காத்திருக்கிறேன்," என்று தானாகவே போய், கோட்டுக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். சும்மாவும் உட்காரமாட்டார். சாக்ஸை முழங்கால்வரை இழுத்து, ஷூ கயிற்றைக் கட்டி, முதுகை நிமிர்த்தி, பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கோட்டோரமாக மெல்ல ஓடி, குனிந்து நிமிர்ந்து, திரும்ப வந்து அதே இடத்தில் உட்காருவார். கூப்பிட்டால் அடுத்த நொடி உள்ளே நிற்பார்.

உண்மையிலேயே ஆடத் தெரிந்தவன் வெளியே உட்காருவானா? மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிறவன்தான் உட்காருவான். இதை ரூம்மேட்டிடம் சொன்னேன்.

"ஆளு பெரிய கையிங்க பாய். அந்த ஃபர்ஸ்ட் டச்சைப் பார்த்தீங்களா? எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் வராது," என்றான்.

"அதெல்லாம் உடான்ஸு. நீ பேங்க் மேனேஜரா இருந்த மாதிரிதான் அவரு புரொஃபஷனல்."

"நானாச்சும் நல்லா மேனேஜ் பண்ணினேனுங்க," என்று சிரித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் நடுவழியில் எங்காவது சந்தித்துக்கொள்ளும்.

"இத்தாலியில் எங்கே ஆடினீர்கள்?"

உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அமுக்கிக் காட்டிச் சிரித்தார். "பங்கீனா. எப்போதும் பங்கீனா."

"பங்கீனாவா? அது எங்கே இருக்கிறது?"

இன்னும் பெரிதாகச் சிரித்தார். "எல்லா ஊரிலும் இருக்கிறது."

"பெரிய டீமா?"

"ரொம்பப் பெரிய டீம். உலகத்திலேயே அதிகம் பேர் அதில்தான்."

முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, இருமிக்கொண்டே காருக்குப் போனார். எனக்குக் கோபம் வந்தது. ஊர் எங்கே என்று கேட்டால் எல்லா ஊரிலும் இருக்கிறது என்பவன் என் காதில் பூ சுற்றுகிறான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் ஆபீஸில் இன்டர்நெட்டில் உட்கார்ந்தேன். அப்போது தேடுவதற்கு ஏழெட்டு தளங்கள் இருந்தன, எதிலும் பாதி விஷயம் இருக்காது. ஆனாலும் நான் டெஸ்டர். முறைப்படி தேடினேன். நம் 'ப'வுக்கு இங்கிலீஷில் இரண்டு எழுத்து. 'க'வுக்கு கே, சி, ஜி என்று மூன்று. இரண்டு மூன்று ஆறு. ஆறு எழுத்துக்கூட்டையும் காகிதத்தில் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொன்றாகத் தட்டி, எதிரே 'இல்லை' என்று குறித்தேன். இத்தாலிய டீம்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன். பங்கீனா எதிலும் இல்லை. ஆறு இல்லைகளையும் பார்த்தபோது, புரோகிராமில் ஒரு பெரிய பக் பிடித்த சந்தோஷம் வந்தது. மறைக்க வேண்டாம், சந்தோஷம்தான்.

ரூம்மேட் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "பங்காளிகளா சேர்ந்து ஆடுற டீமா இருக்குமுங்க. அதெல்லாம் லிஸ்ட்ல வருமா?" என்றான். அவனுக்கு எல்லாம் விளையாட்டு.

மே மாதத்தில் அவர் என்னிடம் ஒரு உதவி கேட்டு வந்தார். டவுன்ஷிப்பில் ஒரு வேலை காலியாக இருந்தது. பூங்காக்களைப் பார்க்கிற டிபார்ட்மென்டில் வருடம் முழுக்க சாக்கர் கோச். டாக்டர் அவரை மாவை விடச் சொல்லிவிட்டாராம். இத்தனை வருடம் மாவை மூச்சில் இழுத்ததால் நெஞ்சு கெட்டுவிட்டது, இன்னும் அடுப்படியில் நின்றால் மூச்சு நின்றுவிடும் என்றாராம். அவருக்குத் தெரிந்த தொழில் இரண்டுதான். ஒன்று ரொட்டி, ஒன்று பந்து. அப்ளிகேஷனில் இரண்டு பேர் பெயரைப் போட வேண்டும். ஒன்று பேக்கரி முதலாளி. "இன்னொன்று நீ. நான் ஆடுவதைப் பார்க்கிறாய். ஆபீஸில் வேலை செய்கிறாய். உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்," என்றார்.

அதற்கென்ன என்று சொன்னேன். மனதுக்குள் கட்டம் போட்ட காகிதம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து பெர்மிட் தருகிற அதே அம்மணி என் ஆபீஸுக்குப் போன் பண்ணினார். ஆள் எப்படி, குழந்தைகளோடு பழகுவாரா, கோபக்காரரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னேன். பிறகு, "இத்தாலியில் பதினோரு வருடம் புரொஃபஷனலாக ஆடியதாக எழுதியிருக்கிறார். எங்களால் அங்கே விசாரிக்க முடியவில்லை. உங்களிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாரா?" என்றார்.

அந்த இடத்தில் ஒரு 'ஆமாம்' போதும். என் ரூம்மேட் எனக்காகப் பத்து நிமிடம் பேசினான். நான் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எனக்குள் பயம் வந்துவிட்டது. பொய்யான ஆளுக்குச் சாட்சி சொல்லி அது வெளியே வந்தால் என்னையும் தோண்டுவார்கள், தோண்டினால் மும்பை வரும், மும்பை வந்தால் விசா போகும். பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. கண்டுபிடித்ததைச் சொல்லிவிட வேண்டும் என்கிற அரிப்பு.

"பங்கீனா என்ற டீமில் ஆடியதாகச் சொன்னார். நான் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு டீம் இத்தாலியில் இல்லை," என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரள்கிற சத்தம். "அந்தப் பெயர் இதில் எழுதவே இல்லையே. வேறு நாலு டீம் பெயர்கள்தான் இருக்கின்றன."

வாயில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

"நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி," என்று சொல்லிப் போனை வைத்தார் அந்த அம்மணி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். வேலைக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லையாம். அன்றும் ஆள் ஒற்றைப்படை. தானே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட்டத்துக்கு நடுவே இருமல் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வருத்தம் இருந்தது. ஆனால் சரியானதைத்தான் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு மூன்று வாரம் திரிந்தேன். நேர்மை என்று ஒரு அமெரிக்க அம்மணி வாயால் சொல்லக் கேட்டவன் அல்லவா.

ஜூனில் உலகக் கோப்பை வந்தது. ஃபிரான்ஸில் நடந்ததால் ஆட்டங்கள் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விழும். இத்தாலி ஆடிய ஒரு நாள், ஆபீஸில் டி.வி. இல்லாததால் அவருடைய பேக்கரிக்கே போனேன். அவர் காலையிலேயே வேலை முடிந்து போய்விடுவார் என்று தெரிந்துதான் போனேன். சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு, மேலே டி.வி. இத்தாலிய சேனல். காபி வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். கேமரா மைதானத்தை விட்டு வெளியே திரும்பி, டிராக் சூட் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்களைக் காட்டியது. கமென்டரி சொன்னவர் வேகமாக ஏதோ சொன்னார். அதற்கு நடுவில் ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. பங்கீனா.

கல்லாவில் இருந்த அம்மாளிடம் திரும்பி, "பங்கீனா என்றால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி எனக்குக் கீழே காட்டினார். "நீ உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான். பெஞ்சு."

காபி கையிலேயே இருந்தது. "ஊர் இல்லையா?" என்றேன், முட்டாளைப்போல.

"ஊரா?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கள் கடையில் ரொட்டி போடுகிறானே, அவனைக் கேள். நாலு டீம், பதினோரு வருடம், எல்லா டீமிலும் பங்கீனா. அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்."

ஒரு பேப்பர் நாப்கினில் எழுதிக் காட்டச் சொன்னேன். நடுவில் சி, பக்கத்தில் ஹெச். என் ஆறு கட்டத்தில் அது இல்லவே இல்லை. சி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் 'ச' என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைக் 'க' என்று படிக்கிற ஊர் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எழுத்தா முக்கியம்? நாலு மாதம் பெஞ்சில் கிடந்தவன் நான். அந்த வார்த்தையைப் பெற்ற தாயிடம் மறைத்தவன். ஒரு ஆள் என் முகத்துக்கு நேரே, பதினோரு வருடம் பெஞ்சில் இருந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர் மறைக்காமல் சொன்னதைத்தான் நான் பொய் என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போகக்கூட அந்த பெஞ்சிலிருந்து கால் வரவில்லை.

சனிக்கிழமை காலை, அவர் வேலை முடிகிற நேரத்துக்குப் பேக்கரியின் பின்வாசலில் போய் நின்றேன். முகம், புருவம் எல்லாம் மாவோடு வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கட்டத்தைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். "எனக்காக அவ்வளவு தேடினாயா?" என்றார். போன் விஷயத்தைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"நான் பொய் சொன்னேன் என்று அவர்களிடம் சொன்னாயா?"

"ஆமாம்."

காரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அப்ளிகேஷனின் நகல். ஃபார்வர்ட், பதினோரு வருடம், நாலு சின்ன ஊர்களின் டீம் பெயர்கள். அதற்குக் கீழே, ஆடிய ஆட்டங்கள் பத்தொன்பது. கோல்கள் இரண்டு. கொட்டை எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தது.

"என் மச்சான் நூறு என்று எழுதச் சொன்னான். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றான். எனக்கு இந்தப் பத்தொன்பதை எழுத வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்," என்றார். குரலில் கோபம் இருந்தது. இருமல் வந்து அதைப் பாதியில் நிறுத்தியது.

என் ரெஸ்யூமேயைப் பற்றிச் சொன்னேன். மும்பையில் மூன்று வருடம் என்று இருக்கிறது, நான் மும்பை ஊருக்குள் கால் வைத்ததே இல்லை என்றேன்.

"உன்னைப் பற்றி விசாரிக்க யாருக்குப் போன் பண்ணினார்கள்?"

"என் ரூம்மேட்டுக்கு."

"அவன் ஆமாம் என்று சொன்னானா?"

"சொன்னான்."

அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "நல்ல நண்பன்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை டவுன்ஷிப் அம்மணிக்குப் போன் பண்ணினேன். வேலைக்கு ஆள் வந்துவிட்டார், இனி மாற்ற முடியாது என்றார். வேண்டுமானால் நடந்ததை எழுதி, உங்கள் தொழில், அதில் எத்தனை வருடம் என்பதோடு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அவருடைய ஃபைலில் வைக்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். பங்கீனா விஷயம் சுலபமாக வந்துவிட்டது. கடைசி வரியில் பேனா நின்றது. கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றேகால் வருடம், பெஞ்சில் நாலு மாதம், டெஸ்டிங்கில் நாலு மாதம் என்று எழுதினேன்.

ரூம்மேட் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுப் பதறினான். "பாய், உங்களுக்கு என்ன பைத்தியமாங்க? இந்தப் பேப்பர் எவன் கையிலயாச்சும் சிக்குச்சுன்னா உங்க மும்பை பேங்க் அம்பேல். கூடவே மேனேஜரும் அம்பேல்."

"உன் பேரைப் போடல," என்றேன்.

"அதுக்குச் சொல்லலீங்க. அந்த ஆளுக்கு வேலைதான் இல்லைன்னு ஆயிருச்சே. இப்ப போயி இதை எதுக்கு அனுப்புறீங்க?"

தபாலில் போட்டேன். அமெரிக்காவில் நான் என் அனுபவத்தை உள்ளபடி எழுதிய காகிதம் அது ஒன்றுதான். என் ரெஸ்யூமேயில் மும்பை அதற்குப் பிறகும் இருந்தது. அதை உருவினால் மேலே அடுக்கிய வருடங்கள் எல்லாம் சரிந்துவிடும் என்று பயம். அடுத்த வருடம் டெக்சாஸில் ஒரு புராஜெக்ட் கிடைத்து ஆலன் என்ற ஊருக்குக் குடிபோனபோது மும்பையும் பெட்டியோடு கூடவே வந்தது. நான் கிளம்பும்வரை அவர் பேக்கரியில்தான் இருந்தார். பிறகு மாவை விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பின்வாசலில் பேசியதற்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். ஆட்களை எண்ணினேன். பதினைந்து. டீம் பிரிக்க வாயைத் திறப்பதற்குள் அவர் நடுவில் வந்து நின்று, தானே ஒவ்வொருவராகக் கையைக் காட்டிப் பிரித்தார். எப்போதும் முதல் ஆளாக வெளியே போகிறவர், அன்று தன்னை ஒரு டீமில் வைத்துக்கொண்டார். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

"இன்றைக்கு நீ," என்றார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அமுக்கிக் காட்டினார்.

போய் மர பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுவார் என்று ஷூ கயிற்றைக் கட்டிவைத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து எழுந்து கோட்டோரமாக ஓடிப் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கோலுக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு நின்றார். பந்து அவரிடம் வந்தது, கோல் போட்டார். பையன்கள் கத்தினார்கள். இரண்டு மணி நேரமும் ஆடினார். என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

முடிந்ததும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். மூச்சு வாங்கியது. அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"எப்படி இருந்தது?" என்றார்.

"முதுகு வலிக்கிறது," என்றேன்.

"ம். இது இரண்டு மணி நேரம்," என்றார்.